ஓட்டை தெரிந்தால் பூட்டு

4 மார்ச் 2002, திங்கள்

மில் சொசைட்டியில் கொடுத்த டைரி இரண்டு மாதமாக அலமாரியில் சும்மா கிடந்தது. சமையல் குறிப்பு எழுதிக்கொள்ள என் மனைவி கலாமணி கேட்டாள். தரவில்லை. பாட்டுக்காரி சமையல் குறிப்பு எழுதி என்ன ஆகப்போகிறது? கீபோர்டுக்காரன் தன் டிஸ்க்குகளுக்கு ஒரு பதிவேடு வைத்தால் அதற்கு அர்த்தம் உண்டு.

ஆகவே தொடங்குகிறேன். நான் வெள்ளியங்கிரி. பகலில் உடுமலைப்பேட்டையில் ஒரு நூற்பாலையில் ஸ்பின்னிங் பிரிவு, இருபத்திரண்டு வருஷம். மாலைகளிலும் ஞாயிறுகளிலும் பூந்தளிர் மெல்லிசைக் குழுவின் கீபோர்டு, பதினெட்டு வருஷம். இந்த வட்டாரத்தில் என்னைப் போல டிஸ்க் வைத்திருப்பவன் கிடையாது. இதில் அடக்கம் காட்டினால் பொய் சொன்னதாகிவிடும்.

மொத்தம் ஐந்து டிஸ்க், நூற்று நாற்பது பாட்டு. ஒரு பாட்டுக்கு ஒரு ஃபைல். எந்த இடத்தில் புல்லாங்குழல், எங்கே வயலின் கூட்டம், தாளம் எவ்வளவு வேகம், எல்லாம் அதற்குள் அடக்கம். ஒவ்வொரு ஓசையும் எவ்வளவு பளிச்சென்று கேட்க வேண்டும் என்பதற்கும் ஓர் எண் உண்டு, பூஜ்ஜியத்திலிருந்து நூற்றிருபத்தேழு வரை. அந்த எண்களைக் காதால் கேட்டுக் கேட்டு வைத்தவன் நான். கீபோர்டை அணைத்தால் பெட்டி எல்லாவற்றையும் மறந்துவிடும். டிஸ்க்தான் மறக்காது.

டிஸ்க்கின் மூலையில் ஒரு சின்னத் தாழ் இருக்கிறது. அதைத் தள்ளினால் ஓட்டை தெரியும். ஓட்டை தெரிந்தால் பூட்டு: உள்ளே இருப்பதைப் படிக்கலாம், மாற்ற முடியாது. ஓட்டையை அடைத்தால் திறந்தாயிற்று, எதையும் அழித்து எழுதலாம். குழுத் தலைவர் நாச்சிமுத்துவுக்கு இதை எத்தனை தடவை சொன்னாலும் தலைகீழாகத்தான் புரிகிறது.

டிஸ்க் போடும் டிரைவில் எரியும் சிவப்பு விளக்கு இரண்டு வருஷம் முன்பே போய்விட்டது. அதனால் சத்தத்தை வைத்துத்தான் கணக்கு. எழுதும்போது அணில் மாதிரி கிறீச் கிறீச்சென்று கத்தும். கத்தல் நின்றால் டிஸ்க்கை எடுக்கலாம். போன ஆடியில் நான் டிரைவைக் கழற்றிப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். அன்றிலிருந்து சத்தமே இல்லை. வெண்ணெயாக ஓடுகிறது. கடைக்காரன் செய்ய முடியாததை நான் செய்தேன். இப்போது திரையில் 'முடிந்தது' என்று வந்ததும் எடுத்துவிடுகிறேன்.

10 மார்ச், ஞாயிறு

பொள்ளாச்சி ரோட்டு மண்டபத்தில் ரிசப்ஷன். கலாமணி நன்றாகப் பாடினாள். அவளுடைய இன்னொரு திறமையையும் எழுதியாக வேண்டும். ஒரு பாட்டு முடிந்து அடுத்த ஃபைல் ஏற இருபது விநாடி ஆகும். அந்த இருபது விநாடியும் அவள் மைக்கில் மாப்பிள்ளையைக் கிண்டல் பண்ணிக்கொண்டிருப்பாள். ஃபைல் ஏறி முடியும் அதே நொடியில் பேச்சையும் முடிப்பாள். கடிகாரம் பார்ப்பதில்லை, என்னையும் பார்ப்பதில்லை. எப்படித்தான் தெரியுமோ!

அவளிடம் ஒரே ஒரு குறை. ஒலி சரிபார்க்கும் நேரத்தில் மேடையில் நிற்கமாட்டாள். கடைசி வரிசை வரைக்கும் நடந்துபோய் யாராவது அம்மாக்களிடம் பேசிவிட்டு வருவாள். அத்தை, சித்தி என்று எல்லா ஊரிலும் ஒறம்பரை இருக்கிறது அவளுக்கு.

விஷயத்துக்கு வருகிறேன். மழை டூயட்டில் புல்லாங்குழலின் எண் 92 என்று என் நோட்டில் இருக்கிறது. இன்று திரையில் 70. நான் வைக்காத எண். யாரோ என் டிஸ்க்கில் கை வைத்திருக்கிறார்கள்.

சாப்பிடும்போது நாச்சிமுத்து பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "கிரி, சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. போன மாசக் கச்சேரியில சலங்கைச் சத்தம் காதைக் கிழிக்குதுன்னு பொண்ணு வீட்டுக்காரரு சொன்னாருங்க."

சலங்கை என்றால் சலங்கை மாதிரி கேட்க வேண்டாமா? பூசணிக்காய் உருட்டுகிற மாதிரியா கேட்கும்?

11 மார்ச், திங்கள்

புல்லாங்குழலை 95-ல் வைத்தேன். பழையதன் மேலேயே எழுதவா என்று பெட்டி கேட்டது. எழுது என்றேன். தாழைத் தள்ளிப் பூட்டினேன்.

17 மார்ச், ஞாயிறு

மறுபடியும் 70! இந்தத் தடவை மணி, சலங்கை, ஜால்ரா எல்லாவற்றிலும் கை வைத்திருக்கிறான். முறையாக, பாட்டுப் பாட்டாக இறக்கியிருக்கிறான். எடுத்த டிஸ்க்கைப் பூட்டியும் வைத்திருக்கிறான். அவசரக்காரன் இல்லை. தொழில் தெரிந்தவன்.

என் சந்தேகம் ரிதம் பேடு வாசிக்கும் அபுதாகிர் மேல். கீபோர்டுக்கு இடது பக்கம் ஒன்றரை அடியில் உட்காருபவன் அவன்தான். டீ குடிக்க நான் இறங்கும்போதெல்லாம் அவன் இறங்குவதில்லை. கலாமணியிடம் சொன்னேன். சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டே, "அந்தப் பையன் பாவமுங்க, அவனை எதுக்கு இழுக்கறீங்க?" என்றாள். முப்பத்தெட்டு வயசு, இரண்டு பெண் குழந்தைகள், இவளுக்குப் பையன்.

டெலிபோன் மணியும் கெட்டுவிட்டது. இன்று இரண்டு தடவை கலாமணி சமையலறையிலிருந்து ஓடி வந்து எடுத்தாள். நான் போன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். எக்ஸ்சேஞ்சில் புகார் எழுதிப் போட வேண்டும்.

20 மார்ச், புதன்

நாச்சிமுத்து வீட்டுக்கு வந்தார். கொடுத்த காபியை ஆறிப்போகும் வரை குடிக்காமல் வைத்திருந்தார். அவர் காபியைத் தொடாவிட்டால் கெட்ட செய்தி.

மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு நடக்கும் நோம்பிக் கச்சேரி ஏப்ரல் 12, வெள்ளிக்கிழமை. பதினெட்டு வருஷமாக அந்த மேடையில் பூந்தளிர்தான், கீபோர்டு நான்தான். என் கல்யாணம் நிச்சயமானதே அந்த மேடையில் கலாமணி பாடிய அன்றைக்கு.

"கமிட்டியில ஒரே பேச்சுங்க. கீபோர்டு சத்தம் குத்துதுன்னு போன வருசமே சொன்னாங்க, நான் சமாளிச்சுப்போட்டேன். இந்த வருசம் முடியாதுங்க. பொள்ளாச்சியில ஒருத்தரு இருக்காரு, நல்லா வாசிக்கறாரு. இந்த ஒருக்கா மட்டும் நீங்க ரெஸ்ட்டு எடுத்துக்குங்க."

"இந்த ஒருக்கான்னா? அடுத்த ஒருக்கா?"

அவர் டம்ளரைப் பார்த்தார்.

நான் விட்டேனா? "யாரோ என் டிஸ்க்கைக் கெடுக்கறாங்க. சத்தம் மாறி மாறிக் கேக்கறதுக்கு அதான் காரணம். கண்டுபிடிச்சுச் சரி பண்ணறேன். ஏழாந்தேதி ரிகர்சல்ல கேளுங்க. நல்லா இல்லைன்னா நானே எந்திரிச்சுப் போயிடறேன்" என்றேன். சரி என்று போனார். கலாமணி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. எனக்கு இல்லாத பயம் இவளுக்கு எதற்கு? ஏழாம் தேதி ரிகர்சலில் நாச்சிமுத்து என்னிடம் மன்னிப்புக் கேட்கத்தான் போகிறார்.

24 மார்ச், ஞாயிறு

தாராபுரத்தில் கச்சேரி. வேனில் எல்லோர் முன்னிலையிலும் அபுதாகிரை நேராகக் கேட்டுவிட்டேன். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது.

அவன் முதலில் சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் அவன் சிரிப்பும் நின்றது. "அண்ணா, அந்தப் பெட்டியில ஃபைல் எப்படித் தொறக்கறதுன்னே எனக்குத் தெரியாதுங்ணா. என்னைப் போயி..." என்றான். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுப் பஞ்சை எடுத்துக் காட்டினான். "தீவாளியில இருந்து வலது காதுல பஞ்சு வெச்சுட்டுத்தான் உங்க பக்கத்துல உக்காரறேன். அதையாச்சும் உங்ககிட்டச் சொன்னேனா? சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னு சொல்லலை."

கலாமணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இந்தக் காலத்து ஆட்களுக்குக் காது வெங்காயச் சருகு மாதிரி மெல்லிசு. ஸ்பின்னிங்கில் ஒரு ஷிப்ட் நிற்கவைத்தால் தெரியும். இருபத்திரண்டு வருஷமாக அந்த இரைச்சலில் நின்ற காது இது. எதற்கும் அசையாது.

25 மார்ச், திங்கள்

மேஸ்திரி மூன்று தடவை கூப்பிட்டாராம். நான் திரும்பவில்லையாம். வாய்க்குள்ளேயே முனகினால் யார் திரும்புவார்கள்?

31 மார்ச், ஞாயிறு

பொறி வைத்தேன். மற்ற நான்கு டிஸ்க்கையும் ஒரு வாரமாக டிபன் பையில் வைத்து மில்லுக்கே எடுத்துப் போகிறேன். நோம்பிப் பாட்டுகள் முப்பத்தெட்டும் இருக்கிற ஒன்றாம் டிஸ்க்கை மட்டும் வீட்டிலேயே விட்டேன். அதன் தாழின் மேல் ஒரு துண்டு செல்லோ டேப் ஒட்டினேன். டேப்பைப் பிய்க்காமல் தாழை நகர்த்த முடியாது.

இன்று எடுத்துப் பார்த்தேன். டேப் இருக்கிறது. ஆனால் நான் பல்லால் கடித்து ஒட்டியது, விளிம்பு கோணல்மாணலாக இருந்தது. இதில் விளிம்பு நேர். கத்தரியால் வெட்டியது. கலாமணியின் தையல் பெட்டியில் ஒரு கத்தரி இருக்கிறது. அதை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்.

இந்த வாரம் வீட்டுக்கு யார் வந்தார்கள் என்று அவளைக் கேட்டேன். யாரும் வரவில்லை என்றாள். அவள் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து எவனோ உள்ளே வந்திருக்க வேண்டும். பின்கதவுத் தாழ்ப்பாளைச் சரி செய்யவேண்டும்.

2 ஏப்ரல், செவ்வாய்

தாழ்ப்பாள் நன்றாகத்தான் இருக்கிறது. இன்று வேறு எழுத ஒன்றுமில்லை.

5 ஏப்ரல், வெள்ளி

நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

நோம்பிக்காக இரண்டு நாள் லீவு போட்டிருந்தேன். காலை எட்டு மணிக்குக் கீபோர்டு முன்னால் உட்கார்ந்தேன். முப்பத்தெட்டு பாட்டையும் ஒவ்வொன்றாக ஏற்றி, கேட்டு, எண்களைத் திருத்தி, மறுபடி டிஸ்க்கில் எழுதினேன். மாரியம்மன் பாட்டின் தொடக்கத்தில் வரும் மணியை 115-க்குக் கொண்டுபோனேன். அப்போதுதான் அது மணியாகக் கேட்டது. பக்கத்து வீட்டு நாய் விடாமல் குரைத்தது. கலாமணி மதியம் வரை சமையலறையை விட்டு வரவில்லை.

நான்கு மணிக்குக் கடைசிப் பாட்டு. எழுதச் சொன்னேன். திரையில் 'முடிந்தது' வந்தது. டிஸ்க்கை எடுக்கும் பொத்தானை அழுத்தினேன்.

"எடுக்காதீங்க! எடுக்காதீங்க, இன்னும் ஓடிட்டிருக்குது!"

கலாமணி, சமையலறையிலிருந்து, கரண்டியோடு ஓடி வருகிறாள். டிஸ்க் என் கையில் இருந்தது.

"ஒண்ணும் ஓடலை. முடிஞ்சுதுன்னு வந்துருச்சு பாரு" என்றேன். அவள் டிஸ்க்கையே பார்த்தபடி நின்றாள். பிறகு கரண்டியோடு உள்ளே போனாள்.

வேலை சுத்தமாக இருக்கட்டும் என்று அடுத்து, ஒன்றாம் டிஸ்க்குக்குப் போன மாதம் எடுத்து வைத்திருந்த நகல் டிஸ்க்கை எடுத்தேன். அதில் இருந்தவை எல்லாம் அந்தத் திருடனின் எண்கள். எதற்கு வைத்திருக்க வேண்டும்? ஃபார்மேட் செய்து துடைத்தேன். பிறகு புது நகல் எடுக்க ஒன்றாம் டிஸ்க்கைச் செருகினேன். டிஸ்க்கைப் படிக்க முடியவில்லை என்றது பெட்டி. எடுத்துத் துடைத்துச் செருகினேன். ஊதிச் செருகினேன். பிள்ளையாரை நினைத்துச் செருகினேன். படிக்க முடியவில்லை. எழுதி முடிப்பதற்குள் பிடுங்கினால் அப்படித்தான் ஆகும். இதை நாச்சிமுத்துவுக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறேன்.

முப்பத்தெட்டு பாட்டு. ரிகர்சலுக்கு இரண்டு நாள், நோம்பிக்கு ஏழு நாள். பெட்டிக்குள் கடைசிப் பாட்டு ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. அதுவும் ஸ்விட்சை அணைத்தால் போய்விடும்.

ஆனால் நான் நினைத்துக்கொண்டிருப்பது டிஸ்க்கைப் பற்றி இல்லை. சமையலறையிலிருந்து கீபோர்டுக்கு இருபது அடி. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அங்கிருந்து அவளுக்கு அந்தச் சத்தம் கேட்டிருக்கிறது. எனக்கும் டிரைவுக்கும் நடுவே இருந்தது அரை அடி.

6 ஏப்ரல், சனி

காலையில் கலாமணி ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து கீபோர்டு மேல் வைத்தாள். திறந்தேன். உள்ளே ஐந்து டிஸ்க். ஒவ்வொன்றிலும் அவள் கையெழுத்தில் பெயர் ஒட்டியிருந்தது, விளிம்பு கத்தரியால் நேராக வெட்டி. நோம்பி, டூயட், சோகம், கல்யாணம், பழசு. நூற்று நாற்பது பாட்டும் இருந்தன. புல்லாங்குழல் 70. சலங்கை 58. மாரியம்மன் பாட்டின் மணி 64.

"எத்தனை நாளா?" என்றேன்.

"போன ஆடியில இருந்து எனக்குன்னு தனியா சேத்துட்டு வர்றேங்க. நீங்க கழட்டித் தொடைச்சீங்களே, அதுக்கும் முன்னாடியே. சலங்கை காதைக் கிழிக்குதுன்னு பேச்சு வந்தப்புறம்தான் உங்க டிஸ்க்குல கை வெச்சேன்."

"எப்படிக் கத்துக்கிட்ட?"

"ஏழு வருசமா இந்தப் பெட்டி பக்கத்துல நிக்கறேன். நீங்க எந்தப் பொத்தானை அழுத்தறீங்கன்னு பாத்தாப் போதாதுங்களா? சத்தம் நின்னாத்தானே நான் பேச்சை நிறுத்தோணும். அதனால காது அதும் மேலதான் இருக்கும்." டிஸ்க்குகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "எண்ணு வெக்கறதுக்குத்தான் கடைசி வரிசைக்குப் போவேன். அங்க நின்னு கேட்டாத்தான் தெரியும், எது குத்துது எது குத்தலைன்னு."

எனக்குக் கோபம் வந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. வந்தது. "எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல? திருட்டுத்தனமா என்ன இது? அந்த அபுவை வேன்ல வெச்சு நான் என்னென்ன பேசினேன்! கேட்டுட்டுத்தானே உக்காந்திருந்த!"

"கேட்டுட்டுத்தான் இருந்தேன். அன்னைக்கு ராத்திரி பூரா தூங்கலைங்க. அடுத்த நாளே அவன் வீட்டுக்குப் போயி நான்தான்னு சொல்லிட்டேன்." அவள் கண் நிறைந்துவிட்டது. "உங்ககிட்டச் சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க? கீபோர்டுக்குத் துணியைப் போத்திப்போட்டு உக்காந்துக்குவீங்க. எனக்குத் தெரியாதுங்களா உங்களை? அப்புறம் நான் யாரு பக்கத்துல நின்னு பாடறது?"

அப்படித்தான் செய்திருப்பேன்.

ஒரு பரீட்சை வைத்தாள். கண்ணை மூடச் சொன்னாள். ஒரு பாட்டை எழுதவிட்டு, டிரைவ் நிற்கும்போது சொல்லச் சொன்னாள். நான் நின்றுவிட்டது என்றேன். அவள் என் கையைப் பிடித்து டிரைவின் மூடிமேல் வைத்தாள். விரலுக்கடியில் ஏதோ நடுங்கிக்கொண்டிருந்தது. எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அப்புறம்தான் நின்றது.

மில் என் காதில் பாதியை எடுத்துக்கொண்டது. இதை எழுதி முடிக்க அரைமணி நேரம் ஆகியிருக்கிறது.

7 ஏப்ரல், ஞாயிறு

ரிகர்சல். கலாமணியின் டிஸ்க். முதல் பாட்டிலேயே எனக்கு எல்லாம் கம்பளி போர்த்திய மாதிரி கேட்டது. மணி இருக்கிற இடமே தெரியவில்லை. கை தானாக எண்ணை ஏற்றப் போனது. இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். மூன்று பாட்டு ஆனதும் அபுதாகிர் காதிலிருந்து பஞ்சை எடுத்துப் பைக்குள் போட்டான். நான் பார்க்கக் கூடாது என்று திரும்பிக்கொண்டு போட்டான். பார்த்துவிட்டேன்.

நாச்சிமுத்து கையைப் பிடித்துக்கொண்டார். "இதுதானுங்க கிரி! பழைய சத்தம் வந்துருச்சு. பொள்ளாச்சிக்காரரை வேண்டாம்னு சொல்லிர்றேன். என்னதான் கோளாறு?"

"மெஷின்ல ஒரு சின்ன ரிப்பேரு. சரி பண்ணிட்டேன்" என்றேன்.

கலாமணி மைக் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

வெளியே வந்ததும் அபுதாகிரிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்ணா" என்றான். மன்னிப்புக் கேட்க எனக்குப் பழக்கமில்லை. அவன் அதைச் சுலபமாக்கினான். நல்லவன்.

12 ஏப்ரல், வெள்ளி

நோம்பிக் கச்சேரி. கோயில் மைதானம் நிரம்பி, ஆட்கள் சுற்றுச்சுவர் மேலும் உட்கார்ந்திருந்தார்கள். தெரிந்த முகம் பாதி. கமிட்டிக்காரர்கள் முதல் வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

ஒன்பது பாட்டு சிக்கலில்லாமல் போனது. பத்தாவது மாரியம்மன் பாட்டு. கூட்டம் அதற்காகத்தான் காத்திருக்கும். கலாமணி பாட்டின் பெயரைச் சொன்னதும் விசில். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. பெட்டி அணைந்தது. உள்ளே இருந்ததெல்லாம் மறந்து போயிற்று.

ஜெனரேட்டரைப் போட்டார்கள். வழக்கமாகக் கோயிலுக்குப் பின்னால் வைப்பார்கள். இந்த வருஷம் மேடைக்கு அடியிலேயே வைத்துவிட்டார்கள். அது கிளப்பிய இரைச்சலில் எங்கள் ஸ்பின்னிங் பிரிவு தோற்றது. விளக்கு வந்தது, பெட்டி எழுந்தது, டிஸ்க்கைப் போட்டு ஃபைலை ஏற்றினேன். கலாமணி மைக்கில் பேச ஆரம்பித்தாள். ஈபிக்காரருக்கும் அம்மனுக்கும் என்ன கோபமோ என்று ஏதோ சொன்னாள். கூட்டம் சிரித்தது. பத்து விநாடி. பதினைந்து. அவள் பேச்சு தடுமாறியது. திரும்பி என்னைப் பார்த்தாள்.

பதினெட்டு வருஷத்தில் அவள் மேடையில் அப்படித் திரும்பிப் பார்த்ததில்லை. எனக்குப் புரிந்தது. அந்த இரைச்சலில் அவளுக்கும் டிரைவ் கேட்கவில்லை. அங்கே யாருக்குமே கேட்கவில்லை.

திரையில் 'முடிந்தது' வந்துவிட்டது. என் இடது கை விரல் மூடிமேல் இருந்தது. மேடைப் பலகையின் அதிர்வு வேறு, டிரைவின் நடுக்கம் வேறு. இயந்திரத்தைத் தொட்டே நோயைச் சொல்ல எனக்கு மில்லில் இருபத்திரண்டு வருஷப் பழக்கம். இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. இரு என்று கையைக் காட்டினேன். அவள் இன்னொரு வாக்கியம் பேசினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நின்றது. தலையசைத்தேன். அவள் பேச்சை அந்த இடத்திலேயே முடித்தாள்.

மாரியம்மன் பாட்டின் தொடக்கத்தில் எட்டு தடவை மணி ஓசை. 64-ல். எனக்கு ஒன்றுகூடக் கேட்கவில்லை. விரல்களைப் பார்த்து வாசித்தேன். எட்டாவது மணி முடிந்து அவள் குரல் எழுந்தபோது முன்வரிசைப் பெண்கள் குலவையிட்டார்கள். அது எனக்குக் கேட்டது. கைகட்டி உட்கார்ந்திருந்த கமிட்டிக்காரர் ஒருவர் கையை அவிழ்த்துத் தொடையில் தாளம் போட்டார்.

அழுகை வந்தது. வாசிப்பு தவறவில்லை.

13 ஏப்ரல், சனி

காலையில் நாச்சிமுத்து வீட்டுக்குப் போனேன். "அன்னைக்குப் பொய் சொன்னேனுங்க. மெஷின் நல்லாத்தான் இருக்குது. காதுதான் போச்சு. எண்ணு வெச்சது பூராவும் கலாமணி" என்றேன். ஆரம்பம் முதல் சொன்னேன். வேண்டாம் என்றால் எழுந்து வந்துவிடுவது என்று முடிவு செய்துதான் போயிருந்தேன்.

அவர் மீசையைத் தடவினார். "அடுத்த மாசம் பழனி ரோட்டுல ரிசப்ஷன். அதுக்கும் அவங்கதானே எண்ணு வெப்பாங்க?"

"அவதான்."

"நீங்கதானே வாசிப்பீங்க?"

"நான்தான்."

"அப்புறம் எனக்கென்னங்க வெசனம்? காபி குடிச்சுட்டுப் போங்க" என்றார். அவர் கொடுத்த காபியிலேயே அதுதான் நல்ல காபி.

திங்கட்கிழமை கோயமுத்தூரில் காது டாக்டர். அபுதாகிர் கூட வருகிறான்.

வீட்டுக்கு வந்து ஐந்து டிஸ்க்கிலும் ஓட்டை தெரிகிறதா என்று பார்த்தேன். தெரிந்தது. டின்னை மூடிக் கலாமணி கையில் கொடுத்தேன். இந்த டைரியின் மிச்சப் பக்கங்களைக் கேட்டாள், எண்கள் எழுத. முதலிலேயே கொடுத்திருக்கலாம்.

14 ஏப்ரல், ஞாயிறு, வருஷப் பிறப்பு

கலாமணி எழுதுகிறேன்.

நோம்பி டிஸ்க், பாட்டு 10: மணி 64 சரி. பாட்டு 22: ஜால்ரா இன்னும் இரண்டு குறைக்கலாம்.

ஆறாவதாக ஒரு டிஸ்க் போட்டிருக்கிறேன். முப்பத்தெட்டு நோம்பிப் பாட்டும் அதில் இருக்கிறது. மணி, சலங்கை, புல்லாங்குழல் எல்லாம் 120. இது ஊருக்கு இல்லை, வீட்டுக்கு. இன்று பாயசம் சாப்பிட்டதும் அவரை உட்காரவைத்து அதைப் போட்டேன். மாரியம்மன் பாட்டின் மணியை எட்டு தடவையும் கேட்டார். மறுபடி வாசித்தார். அப்புறம் இன்னொரு தடவை.

நான் பக்கத்தில்தான் நின்று பாடினேன். காதில் இருந்த பஞ்சு, அபு கொடுத்தது.